சோக் போட்டாத்தான் ஓடுது: ஸ்க்ரூவைத் திருப்புறதா, ஜெற்றைக் கழட்டுறதா?

மல்லாவிப் பொடியன்:
ரெண்டு இஞ்சி வாட்டர் பம்ப், பெற்றோல் மெஷின். மாரி முழுக்கக் கொட்டிலுக்க கிடந்தது. இப்ப கச்சானுக்குத் தண்ணி விட எடுத்தா, சோக் போட்டா ஓடுது, எடுத்த உடன நிக்குது. அரைச் சோக்கில விட்டா சத்தம் ஏறி இறங்குது. பெற்றோலையும் காத்தையும் கலக்கிற காபரேற்றரில இருக்கிற ஸ்க்ரூவைத் திருப்பினாச் சரிவரும் எண்டு பக்கத்து வீட்டு அண்ணை சொல்லுறார். திருப்பலாமோ?

விசுவமடுத் தோட்டம்:
தாராளமாத் திருப்பும் தம்பி. முழுக்க உள்ளுக்கு விட்டு, ஒண்டரைச் சுத்து வெளியால எடும். ஒரு சதம் செலவில்லை.

கிளிநொச்சி கராஜ்:
அண்ணை, அந்த ஸ்க்ரூ ஐட்லிங்குக்கு, மெஷின் சும்மா மெதுவா ஓடுறதுக்கு. பம்ப் என்ன ஐட்லிங்கிலயோ தண்ணி இறைக்குது? முழு வேகத்தில பெற்றோல் வாறது மெயின் ஜெற் எண்ட ஓட்டையுள்ள சின்னத் துண்டால. தம்பிக்கு வருத்தம் அங்கதான். மிஞ்சின பெற்றோல் காபரேற்றர் அடிக் கோப்பைக்குள்ள காய்ஞ்சு பிசினாகி ஓட்டையை அடைச்சிருக்கு. சோக் காத்தைக் குறைக்கிறதால கொஞ்சப் பெற்றோலோடயும் ஓடுது, அவ்வளவுதான்.

பெற்றோல் வாற பைப்பை மூடும். அடிக் கோப்பை நட்டைக் கழட்டும். நடுவில பித்தளை ஜெற், அதுக்கு மேல பக்கத்தில பொட்டுப் பொட்டா ஓட்டையுள்ள குழாய். ஜெற்றை வெயிலுக்குப் பிடிச்சுப் பாரும், வெளிச்சம் வட்டமாத் தெரியவேணும். பிறை மாதிரித் தெரிஞ்சா அடைப்பு. பக்க ஓட்டைகளையும் விடாதையும், கனபேர் அதைப் பார்க்கிறதேயில்லை.

விசுவமடுத் தோட்டம்:
இதுக்கு இவ்வளவு கதையோ? சண்டை நேரத்துப் பொருளாதாரத் தடைக் காலத்தில சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெயில மோட்டார் சைக்கிள் ஓடின ஆக்கள் நாங்கள். அடைச்சா பிறேக் கம்பியில ஒரு இழை எடுத்துக் குத்துவம், முடிஞ்சுது.

கிளிநொச்சி கராஜ்:
ஓடினது உண்மை. கறுப்புப் புகையோட ஓடினதும் உண்மை. ஜெற் பித்தளை அண்ணை, இரும்புக் கம்பி அதை அராவிப்போடும். ஓட்டை மயிரளவு பெருத்தாலே பிளக் கரி பிடிக்கும், பெற்றோலும் கூடக் குடிக்கும். தூண்டில் நரம்பால குத்தி, கொம்பிரசர் காத்து அடிச்சாப் போதும்.

புதுக்குடியிருப்பு 92:
ரெண்டு பேரும் நேரத்தை வீணாக்குறியள். சீனக் காபரேற்றர் ஒண்டு வாங்கிப் பூட்டினா அரை மணித்தியால வேலை.

கிளிநொச்சி கராஜ்:
பெற்றோல் ராங்கிக்குள்ள கறளை வச்சுக்கொண்டோ? புதுசும் அடைக்கும். கோப்பைக்குள்ள தண்ணி நிண்டு வெள்ளை மா பூத்து, உலோகம் அரிச்சிருந்தா மட்டும் மாத்துங்கோ, அதுக்கு நான் மறுப்பில்லை.

மல்லாவிப் பொடியன்:
கழட்டினன். கோப்பை அடியில தேன் நிறத்தில ஒட்டிக்கொண்டு கிடந்தது, ஜெற் முக்கால்வாசி அடைப்பு. நரம்பு விட்டுக் காத்தடிச்சுப் பூட்டினன். இப்ப சோக் இல்லாமத் தண்ணி இறைக்குது. ஆனா வேகத்தைக் குறைச்சா நிண்டுபோகுது.

விசுவமடுத் தோட்டம்:
பாத்தியளோ! ஐட்லிங். ஸ்க்ரூ.

கிளிநொச்சி கராஜ்:
ஐட்லிங்குக்கும் சின்ன ஜெற் ஒண்டு தனிய இருக்கு, அதைத் தம்பி கழட்டேல்லைப் போல. முதல்ல அது.

விசுவமடுத் தோட்டம்:
பிறகு?

கிளிநொச்சி கராஜ்:
பிறகு ஸ்க்ரூ. சரி, திருப்பட்டும். ஆனா உள்ளுக்கு விடேக்க முட்டின உடன நிப்பாட்டும் தம்பி. இறுக்கினா கூர் நசிஞ்சுபோம், பிறகு எந்தச் சுத்துக்கும் சரிவராது. மெஷின் நல்லாச் சூடானாப்பிறகு கால் கால் சுத்தாத் திருப்பி, சத்தம் ஒரே சீராயும் கூடவாயும் வாற இடத்தில விடும். பிளாஸ்ரிக் மூடி போட்டு அடைச்ச ஸ்க்ரூ எண்டா தொடவேண்டாம்.

புதுக்குடியிருப்பு 92:
இந்நேரம் நான் புதுசு பூட்டி ரெண்டு பாத்திக்குத் தண்ணியும் கட்டியிருப்பன்.