கிளை நூலக நிகழ்ச்சிகளுக்குக் கூட்டம் வருகிறது, வாசகர்கள் கூடவில்லை: என்ன செய்யலாம்?

வாசகர் வட்டப் பொறுப்பாளர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஒரு கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்தில் நிகழ்ச்சிகளை ஒழுங்கு செய்யும் பொறுப்பை ஏற்றிருக்கிறேன். நூல் அறிமுகக் கூட்டம், ஓவியப் போட்டி, கவியரங்கம், இசை நிகழ்ச்சி, விடுமுறைக் காலப் பயிற்சி முகாம் என்று பலவற்றை நடத்தி வருகிறோம். கூட்டத்துக்குக் குறைவில்லை, சில நாட்களில் நாற்காலி போதாமல் பலர் நின்றுகொண்டே பார்க்கிறார்கள். ஆனால் நிகழ்ச்சி முடிந்தவுடன் எல்லோரும் நேராக வாசலுக்குப் போய்விடுகிறார்கள். வழியில் இருக்கும் நூலடுக்குகளைத் திரும்பிப் பார்ப்பவர்கள் மிகச் சிலர். ஓவியப் போட்டிக்கு வந்த குழந்தைகளில் எத்தனை பேர் உறுப்பினராகச் சேர்ந்தார்கள் என்று பதிவேட்டைப் புரட்டியபோது மனம் சோர்ந்துவிட்டது.

மறுபுறம், நாள்தோறும் வந்து படிக்கும் வாசகர்களின் வருத்தமும் வளர்ந்து வருகிறது. ஒலிபெருக்கிச் சத்தத்தில் ஒரு பக்கம்கூடப் படிக்க முடியவில்லை என்றும், அரங்கில் நடத்த வேண்டியதை ஏன் இங்கே நடத்துகிறீர்கள் என்றும் கேட்கிறார்கள். அவர்கள் கேட்பதில் நியாயம் இல்லை என்று சொல்ல என்னால் முடியவில்லை. அதே சமயம், நிகழ்ச்சிகளை நிறுத்திவிட்டால் நூலகம் இருப்பதே பலருக்குத் தெரியாமல் போய்விடும் என்ற கவலையும் இருக்கிறது.

எந்த நிகழ்ச்சி நூலகத்துக்கு உரியது, எது உரியதல்ல என்று எப்படிப் பிரித்தறிவது? வருகையாளர் எண்ணிக்கையைத் தவிர வேறு எதைக் கொண்டு பயனை அளப்பது? படிக்க வருபவர்களுக்கு இடையூறு இல்லாமல் இவற்றை நடத்த வழி உண்டா? அனுபவம் உள்ளவர்கள் விரிவாக எழுதினால் உதவியாக இருக்கும்.

ஓய்வுபெற்ற நூலகர் எழுதியது:

நிகழ்ச்சிகள் நூலகப் பணிக்கு அப்பாற்பட்ட சுமை என்ற எண்ணத்தை முதலில் விலக்கிவிடலாம். யுனெஸ்கோ 1949இல் வெளியிட்டு, பின்னர் 1972, 1994, 2022 ஆகிய ஆண்டுகளில் புதுப்பிக்கப்பட்ட பொது நூலக அறிக்கை இதற்கு நல்ல ஆதாரம். அதன் 1994ஆம் ஆண்டு வடிவம், குழந்தைகளிடம் இளமையிலேயே வாசிப்புப் பழக்கத்தை வளர்ப்பதை எந்த அளவுக்கு நூலகத்தின் கடமையாகக் கருதுகிறதோ, அதே அளவுக்கு நிகழ்த்துகலைகள் எல்லோருக்கும் எட்டும்படிச் செய்வதையும், வாய்மொழி மரபுக்குத் துணை நிற்பதையும் கடமையாகக் கருதுகிறது. ஆகவே நடத்தலாமா என்று தயங்க வேண்டியதில்லை. எதை, எவருக்காக, எப்படி நடத்துவது என்பதில்தான் சிந்தனை தேவை.

இதற்கு நியூயார்க் பொது நூலகத்தின் 135ஆம் தெருக் கிளையைச் சற்று விரிவாகப் பார்க்கலாம். ஹார்லெம் பகுதியில் ஆப்பிரிக்க அமெரிக்க மக்கள் பெருமளவில் குடியேறிய காலத்தில், 1920இல் எர்னஸ்டின் ரோஸ் அந்தக் கிளையின் பொறுப்புக்கு வந்தார். சுற்றிலும் வாழ்பவர்கள் யார், அவர்களிடம் என்ன இருக்கிறது என்பதிலிருந்தே அவர் தொடங்கினார். அந்த மக்களின் சமூகத்திலிருந்தே பணியாளர்களைச் சேர்த்தார். அவர்களுடைய ஓவியர்களுக்குக் கண்காட்சி வைக்கவும், எழுத்தாளர்கள் கூடிப் பேசவும் இடம் கொடுத்தார். 1921இல் அங்கே பணியில் சேர்ந்த பூரா பெல்ப்ரே, புவெர்ட்டோ ரிக்கோவில் தாம் கேட்டு வளர்ந்த நாட்டுக்கதைகள் அடுக்கில் எந்த நூலிலும் இல்லை என்பதைக் கண்டு, அவற்றைக் குழந்தைகளுக்குத் தாமே சொல்லத் தொடங்கினார். பின்னாளில் பொம்மலாட்டமாகவும் நடத்தினார். கதை நேரத்தில் சொன்ன கதை 1932இல் நூலாக அச்சேறியது. அதே கட்டடத்தின் நிலத்தடித் தளத்தில் 1920களில் கிரிக்வா நாடகக் குழுவினர் நாடகம் போட்டார்கள். 1940இல் அமெரிக்க நீக்ரோ நாடக அரங்கு என்ற புகழ்பெற்ற குழுவும் அங்கேதான் உருவானது. ஆப்பிரிக்க வம்சாவளி மக்களின் வரலாற்றைத் திரட்டிய ஆர்துரோ ஷோம்பர்கின் நூல் தொகுப்பு 1926இல் அங்கு வந்து சேர்ந்து, இன்று உலகறிந்த ஆய்வு மையமாக வளர்ந்திருக்கிறது.

இதை இவ்வளவு எழுதுவதற்குக் காரணம் உண்டு. அங்கே மக்களிடம் இருந்த கதை நூலகத்துக்கு வந்து, நூலாகி, அடுக்கில் ஏறி, மறுபடியும் மக்களிடம் சென்றது. உங்கள் நிகழ்ச்சிகளை இதே நோக்கில் சோதித்துப் பாருங்கள். நூலகத்தில் இருக்கும் ஏதேனும் ஒன்றை அது மக்களுக்கு அறிமுகம் செய்கிறதா? மக்களிடம் இருக்கும் ஏதேனும் ஒன்றை நூலகத்தில் சேர்க்கிறதா? இரண்டில் ஒன்றுகூட இல்லையென்றால், அது எவ்வளவு சிறந்த நிகழ்ச்சியாக இருந்தாலும் வேறு எந்த அரங்கிலும் அதே போல நடந்துவிடும். அதற்காக நூலகரின் உழைப்பைச் செலவிட வேண்டியதில்லை.

பயனை அளப்பதற்கு வருகைப் பதிவேட்டை விட இரவல் பதிவேடு நம்பகமானது. நிகழ்ச்சியில் பேசப்பட்ட நூல்களையும் அதே பொருளில் அமைந்த பிற நூல்களையும் ஒரு பட்டியலாக எழுதி வைத்து, அடுத்து வரும் மாதத்தில் அவற்றில் எவை வெளியே சென்றன என்று பாருங்கள். கூட்டம் குறைவாக இருந்த ஒரு கலந்துரையாடலுக்குப் பிறகு, நெடுநாள் எவரும் தொடாத ஒரு துறையின் நூல்கள் நகரத் தொடங்குவதை நானே கண்டிருக்கிறேன்.

அன்றாட வாசகர் எழுதியது:

நிகழ்ச்சிகளுக்கு நான் எதிரானவன் அல்லன். ஆனால் எங்கள் தரப்பையும் சொல்லியாக வேண்டும். வீட்டில் தனி அறையோ மேசையோ இல்லாதவர்கள், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள், மாலை நேரத்தில் நாளிதழ் படிப்பதற்கென்றே நடந்து வரும் முதியவர்கள் ஆகியோருக்குக் காசு கொடுக்காமல் அமைதி கிடைக்கும் இடம் நூலகம் ஒன்றுதான். இசை கேட்க வேறு இடம் உண்டு. அமைதியாக உட்கார்ந்து படிக்க எங்களுக்கு வேறு இடம் இல்லை. வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளில் நான்காவது. முன்னறிவிப்பு இல்லாமல் வாசிப்புக் கூடத்தைப் பூட்டிவிட்டு, வந்தவரைத் திருப்பி அனுப்பும்போது மீறப்படுவது அந்த விதிதான்.

பின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கியில் 2018 டிசம்பரில் திறக்கப்பட்ட ஊடி நூலகத்தில் தரைத்தளம் நிகழ்ச்சிகளுக்கும் கூடிப் பேசுவதற்கும், நடுத்தளம் பட்டறைகளுக்கும் ஒலிப்பதிவுக் கூடங்களுக்கும், மேல்தளம் நூல்களுக்கும் வாசிப்புக்கும் என்று பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒரே கூடம் மட்டும் உள்ள கிளை நூலகம் தளங்களால் பிரிக்க முடியாது, நேரத்தால் பிரிக்கலாம். மாதத்தின் இன்ன கிழமையில் இன்ன நேரம் நிகழ்ச்சி என்று நிலையாக முடிவு செய்து, மாதத் தொடக்கத்திலேயே வாசலில் எழுதி ஒட்டுங்கள். கூடியவரை, வழக்கமான நேரம் முடிந்த பிறகு நடத்துங்கள். சிறிய கூடத்துக்குப் பெரிய ஒலிபெருக்கி தேவையே இல்லை. முன்கூட்டியே தெரிந்துவிட்டால் நாங்களும் எங்கள் நேரத்தை மாற்றிக்கொள்வோம். சிலர் நிகழ்ச்சியில் வந்து உட்காரவும் செய்வோம்.

கதைசொல்லி எழுதியது:

பொறுப்பாளர் குறிப்பிட்ட ஓவியப் போட்டியைப் பற்றி மட்டும் சொல்ல விரும்புகிறேன். போட்டி என்று வைத்தவுடன் குழந்தையின் கவனமும் பெற்றோரின் கவனமும் பரிசின் மேல் போய்விடுகிறது. பரிசு கிடைக்காத குழந்தைக்கு அந்தக் கட்டடம் தான் தோற்ற இடமாக மனத்தில் பதிகிறது. அதற்குப் பதிலாக ஒரு கதையைப் படித்துக் காட்டி, அந்தக் கதையிலிருந்து விருப்பமான காட்சியை வரையச் சொல்லுங்கள். வரைந்தவை எல்லாவற்றையும் குழந்தைகள் பிரிவின் சுவரில் ஒட்டி வையுங்கள். தன் படத்தைக் காட்டுவதற்காக அந்தக் குழந்தையே வீட்டாரை மறுபடி அழைத்து வரும்.

கதை நேரம் அரை மணிக்கு மேல் நீள வேண்டாம். மிகச் சிறிய குழந்தைகளுக்கு இருபது நிமிடமே அதிகம். மூன்று வயதுக் குழந்தையையும் பத்து வயதுக் குழந்தையையும் ஒன்றாக உட்கார வைத்தால் இருவருக்குமே அது பயன்படாது. நான் எப்போதும் நூலைக் கையில் வைத்துக்கொண்டுதான் கதை சொல்வேன். மனப்பாடமாகத் தெரிந்த கதையாக இருந்தாலும், இந்தக் கதை இதற்குள் இருக்கிறது என்று குழந்தை பார்க்க வேண்டும். கதை முடிந்ததும் அந்த நூலையும், அதைப் போன்ற வேறு சில நூல்களையும், குழந்தையின் இடுப்பளவு உயரமுள்ள மேசையில் அட்டைப்படம் தெரியும்படி பரப்பி வைப்போம். அடுத்த சில நிமிடங்களைப் பார்க்க வேண்டும். ஒரு குழந்தை, கதையில் குரங்கு ஆற்றைக் கடக்கும் பக்கத்தைத் தேடிப் பிடித்து, பக்கத்தில் இருப்பவனுக்கு என் குரலிலேயே சொல்லிக்கொண்டிருக்கும். இன்னொன்று நூலை நெஞ்சோடு அணைத்தபடி அம்மாவைத் தேடி ஓடும். அந்த நேரத்தில் இரவல் தரும் மேசை மூடியிருந்தால் எல்லாம் வீண். நிகழ்ச்சி முடிந்து அரை மணி நேரமாவது அது திறந்திருக்க வேண்டும். உறுப்பினர் படிவமும் பேனாவும் அங்கேயே இருக்க வேண்டும். நாளை ஆவணங்களோடு வாருங்கள் என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களில் பலர் வருவதே இல்லை.

இரண்டு எச்சரிக்கைகளும் உண்டு. திரைப்படம் திரையிடுவதாக இருந்தால், வாங்கி வைத்திருக்கும் குறுந்தகடு பொதுத் திரையிடலுக்கான உரிமையைத் தராது. அதற்குத் தனியே அனுமதி பெற வேண்டும். பதிப்புரிமை உள்ள நூலை முழுவதும் படித்துப் பதிவு செய்து இணையத்தில் ஏற்றுவதற்கும் அப்படியே. குழந்தைகளின் படங்களைப் பெற்றோரின் ஒப்புதல் இல்லாமல் வெளியிடக் கூடாது.

வாசகர் வட்டப் பொறுப்பாளர் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இரவல் மேசையைத் திறந்து வைப்பதையும் மாத அட்டவணையை ஒட்டுவதையும் உடனே தொடங்கிவிடலாம், நூலகரிடம் பேசிவிட்டேன். மேலும் இரண்டு ஐயங்கள். மக்களிடம் இருப்பதை நூலகத்தில் சேர்ப்பது என்று ஐயா எழுதியதைச் சிறிய கிளையில் எப்படிச் செய்வது? கூடத்தைத் தங்கள் கூட்டத்துக்குத் தரும்படி பல அமைப்புகள் கேட்கின்றன. யாருக்குத் தருவது, யாருக்கு மறுப்பது?

வட்டார வரலாற்று ஆர்வலர் எழுதியது:

முதல் கேள்விக்கு என் அனுபவத்திலிருந்து விடை சொல்கிறேன். எளிதில் தொடங்கக் கூடியது பழைய நிழற்படங்களைத் திரட்டும் நாள். வீட்டில் இருக்கும் பழைய படங்களைக் கொண்டுவரச் சொல்லுங்கள். உரியவர் கண்ணெதிரிலேயே நகலெடுத்து, மூலப் படத்தைக் கையோடு திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மூலத்தை வாங்கி வைத்துக்கொள்ளவே கூடாது. படத்தைக் காட்டிலும் அதைப் பற்றி அவர் சொல்வதுதான் அரியது: யார், எந்த இடம், ஏறத்தாழ எந்த ஆண்டு, பின்னால் தெரியும் கட்டடம் இப்போது என்னவாயிற்று. ஒருவர் அதைச் சொல்லத் தொடங்கியதும் வரிசையில் நிற்கும் மற்றொருவர், இல்லை, அந்தக் கிணறு இந்தப் பக்கம் இருந்தது என்று திருத்துவார். அந்தப் பேச்சையும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்த படி ஒலிப்பதிவு. தொழில், பாட்டு, வெள்ளம், இடப்பெயர்வு என்று ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து முதியவர்களைப் பேச வையுங்கள். பதிவை எங்கே வைப்போம், யார் கேட்கலாம் என்று விளக்கி, முதலிலேயே எழுத்து மூலம் ஒப்புதல் பெறுங்கள். வேண்டாம் என்று நினைக்கும் பகுதியை நீக்கும் உரிமை அவருக்கே இருக்க வேண்டும். முடிந்ததும் நூல்களைப் போலவே அந்தப் பதிவுக்கும் நூலகப் பட்டியலில் ஒரு இடம் கொடுங்கள். இல்லாவிட்டால் அது யாரோ ஒருவரின் கைப்பேசியில் கிடந்து அழிந்துவிடும்.

மனித நூலகம் என்ற முறையையும் கருதிப் பார்க்கலாம். 2000ஆம் ஆண்டில் டென்மார்க்கின் ரோஸ்கில்டே இசை விழாவில் தொடங்கிய இம்முறை இன்று பல நாடுகளில் நடக்கிறது. சமூகம் தவறாகப் புரிந்துகொண்டிருக்கும் ஒருவரைப் புத்தகம் போல இரவல் எடுத்து, அவரோடு குறிப்பிட்ட நேரம் உட்கார்ந்து கேள்வி கேட்கலாம். புத்தகமாக இருக்க ஒப்புக்கொண்டவர் விரும்பாத கேள்விக்கு விடை சொல்ல வேண்டியதில்லை என்பதை எல்லோருக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். ஒலிபெருக்கி வேண்டாம், மேடை வேண்டாம். இருவர் தாழ்ந்த குரலில் பேசுவதால் படிப்பவர்களுக்கும் தொந்தரவு இருக்காது.

ஓய்வுபெற்ற நூலகர் எழுதியது:

கூடம் தருவது பற்றிய கேள்விக்கு: விண்ணப்பம் வந்த பிறகு ஆளைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், விதியை முன்பே எழுதி, மேலதிகாரியின் ஒப்புதலோடு வாசலில் ஒட்டி வையுங்கள். அமெரிக்க நூலகச் சங்கம் 1939இல் ஏற்ற நூலக உரிமைச் சாசனம், நூலகத்தின் கூட்ட அறைகள் கருத்து, சார்பு என்ற வேறுபாடு பாராமல் எல்லாக் குழுக்களுக்கும் சம நிபந்தனையில் கிடைக்க வேண்டும் என்று சொன்னது. உங்கள் நூலகத்துக்குப் பொருந்தும் அரசு விதிகள் இதைவிடக் கடுமையாக இருக்கலாம். அவற்றை முதலில் படியுங்கள். அவை இடம் கொடுத்தால், அனுமதி இலவசம், எல்லோரும் வரலாம், பணம் திரட்டக் கூடாது, விற்பனை கூடாது, வாசிப்பு நேரத்தில் கூடாது என்ற நிபந்தனைகளை ஒருவருக்கும் தளர்த்தாமல் வையுங்கள். நமக்குப் பிடித்தமான அமைப்புக்கு ஒருமுறை தளர்த்திவிட்டால், அடுத்தவருக்கு மறுக்கும் தகுதி நமக்கு இருக்காது. அந்த விதியை எழுதும்போது அன்றாட வாசகர்களில் இருவரையாவது உடன் அமர்த்திக்கொள்ளுங்கள். வாசிப்பு நேரம் எது என்பதை அவர்களே சொல்லட்டும்.