பல்வேர் பிரியும் இடத்தில் துளை: எந்தச் சீமெந்து ஏற்றது?

களுவாஞ்சிகுடி ஆசிரியை:
என் பதினேழு வயது மகளுக்குக் கீழ்த்தாடையின் முதலாவது கடைவாய்ப்பல்லில் வேர்ச் சிகிச்சை நடந்தபோது, இரு வேர்களும் பிரியும் இடத்தில் சிறு துளை விழுந்துவிட்டது. வைத்தியர் அதை மறைக்காமல் அன்றே சொல்லி, தற்காலிகமாக மூடி அனுப்பியிருக்கிறார். எம்.ரி.ஏ. அல்லது பயோடென்ரீன் என்ற பல் சீமெந்துகளில் ஒன்றைக் கொண்டு அடைக்கலாம் என்கிறார். கிளாஸ் அயனமர் என்ற இன்னொரு பல் சீமெந்து மலிவாகக் கிடைக்கும்போது அதுவே போதாதா என்று வீட்டில் கேட்கிறார்கள். விபரம் அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

அக்கரைப்பற்று பல் வைத்தியர்:
சகோதரி, சீமெந்தின் பெயரைவிடத் துளையின் இடமும் அளவும், அது எத்தனை நாள் மூடப்படாமல் இருக்கிறது என்பதுமே பல்லின் ஆயுளைத் தீர்மானிக்கின்றன. வாய்க்கிருமிகள் அந்த வழியாக எலும்பைத் தொட்டுவிட்டால் எந்தப் பொருளும் முழுப்பலன் தராது. ஆகவே தாமதிக்க வேண்டாம்.

கிளாஸ் அயனமர் பல்லோடு நன்றாக ஒட்டும். ஆனால் இறுகத் தொடங்கும் வேளையில் இரத்தமும் ஈரமும் பட்டால் கெட்டுவிடும். உங்கள் மகளின் துளையோ எலும்பை ஒட்டிய ஈரமான இடத்தில் இருக்கிறது. எம்.ரி.ஏ. இதற்கு நேர்மாறானது, ஈரம் இல்லாமல் அது இறுகவே மாட்டாது. கலிபோர்னியாவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் தொராபிநெஜாத் குழுவினர் உருவாக்கிய இப்பொருள், 1993இல் ஆய்விதழில் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. இறுகும்போது அது கல்சியம் ஐதரொட்சைட்டை வெளிவிடுவதால் (நாம் வெற்றிலையில் தடவும் சுண்ணாம்பும் இதே சேர்மந்தான்) சுற்றுப்புறத்தின் பீ.எச். (காரத்தன்மையைக் காட்டும் அளவு) 12.5 வரை உயர்ந்து, கிருமிகள் வாழ இயலாத நிலை உண்டாகிறது. வேரை மூடியிருக்கும் இயற்கைப் படலம் அதன் மேற்பரப்பில் மீண்டும் வளர்வதும் ஆய்வுகளில் காணப்பட்டுள்ளது. இத்தகைய துளைகளுக்கு நீண்டகாலச் சான்றுள்ள பொருள் அதுவே என்பதால் என் தெரிவும் அதுதான். கிளாஸ் அயனமருக்கும் வேலை இருக்கிறது, எம்.ரி.ஏ.க்கு மேல் ஓர் அடுக்காக அதை வைக்கலாம்.

மட்டக்களப்பு பல் வைத்தியர்:
மேலே சொன்ன நண்பருடன் பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் நான் பயோடென்ரீனையே எடுப்பேன். முதலில் வந்த எம்.ரி.ஏ. இறுக ஏறத்தாழ 2 மணி 45 நிமிடம் எடுக்கும். அதனால் ஈரப்பஞ்சு வைத்து மூடி அனுப்பி, வேறொரு நாளில் இறுகியதா என்று பார்த்த பிறகே மேல் வேலையைத் தொடர்வது வழமை. பயோடென்ரீன் ஏறத்தாழ 12 நிமிடத்தில் இறுகுவதால் ஒரே வருகையில் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். பாடசாலைப் பிள்ளைக்கு இது சிறிய வசதியன்று. எக்ஸ்ரேயில் தெரிவதற்காக எம்.ரி.ஏ.யில் சேர்க்கும் பிஸ்மத் ஒட்சைட்டு பல்லைக் கருமையாக்கக்கூடும், பயோடென்ரீனிலோ அதற்குப் பதிலாகச் சேர்க்கோனியம் ஒட்சைட்டே உண்டு. கடைவாய்ப்பல்லில் நிறம் பெரிய விடயமன்று. முன்பல்லாக இருந்திருந்தால் இக்காரணம் ஒன்றே எனக்குப் போதும். குறை என்னவென்றால், எக்ஸ்ரேயில் பயோடென்ரீன் எம்.ரி.ஏ. அளவுக்குத் தெளிவாகத் தெரியாது.

எம்.ரி.ஏ.யே வைப்பதானால், பொதி புதிதாகத் திறக்கப்படுகிறதா என்று தயங்காமல் கேளுங்கள். மாரிக்காலத்து வாவிக்கரை ஈரத்தில், திறந்துவைத்த தூள் பாவிக்க முன்னரே கெட்டுப்போகும்.

களுவாஞ்சிகுடி ஆசிரியை:
இருவருக்கும் நன்றி. எம்.ரி.ஏ. என்பது வீடு கட்டும் சீமெந்துதான் என்று மேசன் வேலை செய்யும் என் கணவரின் தம்பி சொல்லிச் சிரிக்கிறார். அப்படியானால் ஏன் இந்த விலை?

அக்கரைப்பற்று பல் வைத்தியர்:
தம்பி சொல்வதில் பாதி உண்மை. எம்.ரி.ஏ.யில் ஏறத்தாழ 75 வீதம் போர்ட்லண்ட் வகைச் சீமெந்து, 20 வீதம் எக்ஸ்ரேயில் தெரிவதற்கான பிஸ்மத் ஒட்சைட்டு, மிகுதி ஜிப்சம். ஆனால் மூட்டைச் சீமெந்தில் ஆசனிக், ஈயம் போன்றவை கலந்திருக்கலாம். மருத்துவப் பொருளில் இவற்றின் அளவைக் கட்டுப்படுத்தி, துகளின் பருமனையும் சீராக்குகிறார்கள். விலை கூடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இரண்டில் எதை உங்கள் வைத்தியர் அடிக்கடி கையாள்கிறாரோ அதையே வைக்கச் சொல்லுங்கள். துளையை அடைத்த பின் வேர்க்குழாய்களை நிரப்பி, பல்லுக்குக் கிரவுனும் (பல்லை மூடும் உறை) போட வேண்டும். ஆறு மாதத்திலும் ஒரு வருடத்திலும் எக்ஸ்ரே எடுத்து, வேர்களுக்கு இடையே கருநிழல் தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அந்த இடத்து எலும்பு கரைந்தால் முதலில் அங்கேதான் தெரியும்.