போட்டோஸ்டேட் கடை கணினியில் மவுஸ் தானாக நகர்கிறது, யாராவது உள்ளே இருக்கிறார்களா?

செல்வி_சுங்கைசிப்புட்:
வணக்கம். சுங்கை சிப்புட்டில் போட்டோஸ்டேட் கடை நடத்துகிறேன். சுற்றுத் தோட்டங்களிலிருந்து வருகிறவர்களுக்கு இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) கணக்கு அச்சடித்துக் கொடுப்பது, பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழக விண்ணப்பம் நிரப்புவது என்று எல்லாம் ஒரே கணினியில்தான். திங்கட்கிழமை பிரிண்டருக்குத் தாள் போட்டுக்கொண்டிருந்தபோது, திரையில் அம்பு தானாக நகர்ந்து டவுன்லோட்ஸைத் திறந்தது. அங்கே வாடிக்கையாளர்களின் மைகார்டு (அடையாள அட்டை) ஸ்கேன்கள் கிடந்தன. நான் மவுஸைத் தொட்டதும் நின்றுவிட்டது. அதற்கு முந்தின வாரம், அச்சடிக்கச் சொல்லி வாட்ஸ்அப்பில் ஒருவர் 'இன்வாய்ஸ்' அனுப்பினார். திறந்தால் ஒரு கறுப்புப் பெட்டி மின்னி மறைந்தது, தாள் வரவில்லை. ஆன்டிவைரஸ் பச்சை டிக்தான் காட்டுகிறது. இதே கணினியில் எத்தனையோ பேர் பாஸ்வேர்டு தட்டியிருக்கிறார்கள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பீடோங்_வாசு:
கண்ணாடி மேசையாக இருந்தால் மவுஸ் அப்படி ஓடும் அக்கா. பேட்டரியும் பாருங்கள்.

கூலிம்_நெட்வொர்க்:
அம்பு ஓடினால் மேசை. ஃபோல்டரைத் தேடித் திறந்தால் அது ஆள். அக்கா, முதலில் இணையக் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையையும் அணைத்துவிடுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

பிரிண்டர் சர்வீஸ்காரர் தூரத்திலிருந்து கணினியை இயக்கும் எனிடெஸ்க், டீம்வியூவர் மாதிரி ஏதாவது போட்டு வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லை என்றால், பேக்டோர், அதாவது வெளியாள் திருட்டுத்தனமாக உள்ளே வர வழிவிடும் நிரல் என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

1998இல் வந்த பேக் ஓரிஃபிஸ், நெட்பஸ் போன்ற பழைய பேக்டோர்கள் உங்கள் கணினியில் ஒரு போர்ட்டை (இணையம் வந்துபோகும் வாசலை) திறந்துவைத்துக் காத்திருக்கும், வெளியாள் அதைத் தேடி வரவேண்டும். இப்போது நடுவில் ரூட்டர் நிற்பதால் அது அவ்வளவு சுலபமில்லை. அதனால் உள்ளே இருக்கும் நிரலே வெளியே போகிறது. தோட்டத்தில் காலைப் பெரட்டில் நின்று இன்றைக்கு என்ன வேலை என்று கேட்கிற மாதிரி, சில நிமிடத்துக்கு ஒருமுறை அதை அனுப்பியவனுடைய சர்வரைக் கேட்கும். திரையைப் படமெடு, தட்டும் எழுத்தைப் பதிவு செய், அந்த ஃபைலை அனுப்பு, கேமராவைத் திற என்று பதில் வரும். பெரும்பாலும் பிரவுசர் போகிற அதே 443 போர்ட் வழியாகப் போவதால், யாரோ இணையம் பார்க்கிறார்கள் என்றுதான் ரூட்டருக்குப் படும்.

விண்டோஸ் தொடங்கும்போதே ஓடும்படி அதன் அமைப்புப் பதிவான ரெஜிஸ்ட்ரியிலோ, நேரம் குறித்து நிரல்களை ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரிலோ எழுதி வைத்துக்கொள்ளும், ரீஸ்டார்ட் செய்து பயனில்லை. ஆன்டிவைரஸுக்குத் தெரிந்த வடிவத்தை மாற்றி மாற்றி அனுப்புகிறார்கள், அதனால் பச்சை டிக்கை நம்ப வேண்டாம். டார்க்காமெட் என்ற இதே மாதிரிக் கருவி சிரியாவில் அரசை எதிர்த்தவர்களை உளவு பார்க்கப் பயன்பட்டது தெரிந்ததும், எழுதியவரே 2012இல் அதை நிறுத்தினார். பிரதிகள் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தன.

அந்த 'இன்வாய்ஸ்' பெயருக்குப் பின்னால் எக்ஸி (.exe) என்று ஒளிந்திருக்கலாம், அப்படியென்றால் அது தாள் இல்லை, ஓடும் நிரல். விண்டோஸ் தானாகவே வால்பெயரை மறைத்துவிடும். ஃபோல்டரைத் திறந்து, மேலே வியூவில் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸை இன்றே டிக் செய்யுங்கள்.

அப்புறம் கைப்பேசியிலிருந்து ஈமெயில் பாஸ்வேர்டை மாற்றி, எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறுங்கள். வாட்ஸ்அப்பில் இணைத்த சாதனங்களைக் காட்டும் லிங்க்ட் டிவைசஸிலும் அப்படியே. ஆவணங்களை மட்டும் நகலெடுத்து, வேறு கணினியில் தயாரித்த யூஎஸ்பியால் விண்டோஸைத் துடைத்துப் புதிதாகப் போடுங்கள். வைரஸைத் தேடித் தேடி நீக்குவதில் எனக்கு நம்பிக்கையில்லை. வங்கிப் பணம் நகர்ந்திருந்தால் உடனே மோசடிப் புகார் எண் 997ஐக் கூப்பிடுங்கள். கணினி ஊடுருவல் புகார்களை வாங்கும் சைபர்999க்கும் புகார் கொடுங்கள்.

செல்வி_சுங்கைசிப்புட்:
கேபிளைப் பிடுங்கிவிட்டேன் தம்பி, நன்றி. சர்வீஸ்காரர் எதுவும் போடவில்லையாம். வாடிக்கையாளர்களிடம் சொல்லத்தான் வேண்டுமா? பாதிப் பேர் வயதானவர்கள், பயந்துவிடுவார்கள்.

தாமான்_டீச்சர்:
சொல்லியே ஆகவேண்டும் செல்வி. அவர்கள் உழைத்துச் சேர்த்த சேமநிதி அது. அந்த இன்வாய்ஸ் வந்த நாளிலிருந்து உங்கள் கணினியில் பாஸ்வேர்டு தட்டிய ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, வேறு இடத்தில் மாற்றச் சொல்லுங்கள். வயதானவர்களுக்கு மகனோ மகளோ உடன் இருந்து மாற்றட்டும்.

கூலிம்_நெட்வொர்க்:
டீச்சர் சொல்வது சரி. பென்டிரைவ் செருகியவர்களையும் விட்டுவிடாதீர்கள். என்ஜேராட் (njRAT) போன்ற பேக்டோர்கள் பென்டிரைவில் இருக்கும் ஃபோல்டரை மறைத்து, அதே பெயரில் ஷார்ட்கட் வைத்துவிடும். தோட்ட ஆபீஸ் கிராணி சம்பளக் கணக்கு அச்சடிக்கக் கொண்டுவந்திருந்தால், அவருக்கு முதல் போன் போடுங்கள்.