தோட்டத்து ரயில் தண்டவாளம் கறுத்துப் போகுது, வழி சொல்லுங்க

வணக்கம் நண்பர்களே. மதுரை திருநகர்ல வீட்டுக்குப் பின்னாடி ஜி ஸ்கேல் ரயில் (தோட்டத்துல ஓட்டுற பெரிய சைஸ் மாடல் ரயில்) ஓட்டுறேன். 45 மி.மீ. கேஜ் (ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல உள்ள அகலம்), பித்தளைத் தண்டவாளம், சுத்தி முப்பது அடி. நடுவுல வேப்பமரம், அதுதான் வில்லன்.

ஆடி மாசம் வேப்பம்பழம் விழுந்து நசுங்கி ஒரே பிசுக்கு. அதுமேல மண்ணு ஒட்டி, எஞ்சின் தெக்கு வளைவுல ரெண்டு துடி துடிச்சு நின்னுருது. தண்டவாளத்துலதானே சக்கரத்துக்குக் கரண்ட் வருது! விரல வச்சுத் தேச்சா அடுப்புக்கரி மாதிரி ஒட்டுது.

ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்ல துணிய நனைச்சுத் துடைச்சேன். பிசுக்கு போச்சு, கறுப்பு போகல. ஆத்திரத்துல உப்புத்தாள் போட்டுத் தேச்சது என் புத்திகெட்டதனம். இப்ப அந்தக் கீறல்லயே அழுக்கு சீக்கிரம் அடையுது. புளி போட்டுத் தேய்க்கச் சொல்றாங்க அம்மா. குத்துவிளக்கா இது?

கீறல் விழாம கறுப்பை எடுக்க எது தோதுப்படும்? தண்டவாளத் துண்டுகளைச் சேர்க்குற இணைப்புத் தகடுகளுக்கு, கரண்ட் நல்லா கடக்க கிராஃபைட் பேஸ்ட் பூசலாமா, இல்ல ஸ்க்ரூ போட்டு இறுக்குற கிளாம்புக்கே மாறிரவா? சித்திரை வெயில்ல பித்தளை நீளுமே, 4 அடித் துண்டுக்கு எவ்வளவு இடைவெளி விடுறீங்க? தண்டவாளக் கரண்டையே விட்டுட்டு பேட்டரில எஞ்சின் ஓட்ட மாறினவங்க இருந்தா, செலவையும் சேர்த்துச் சொல்லுங்க. ஐப்பசி மழைக்கு முன்னாடி முடிக்கணும்.