கணுக்கால் சுளுக்கு: 5 வாரம் ஆகியும் ஒற்றைக் காலில் குதித்தால் ஆடுகிறது. எந்தப் பயிற்சியை விட்டுவிட்டேன்?

இடதுகை_ஷட்டில்:
வலது கணுக்கால், வெளிப்பக்கச் சுளுக்கு. பேட்மிண்டனில் பின்கோர்ட்டில் ஸ்மாஷ் அடித்து இறங்கும்போது பாதம் உள்பக்கமாக மடங்கியது. எக்ஸ்ரேயில் முறிவு இல்லை. ஜவ்வு பாதி கிழிந்திருக்கிறது, கிரேடு 2 என்றார்கள். இன்றோடு 5 வாரம்.

சமதரையில் நடக்க வலி இல்லை. சாயங்காலம் வெளிக்கணுவுக்குக் கீழே லேசான வீக்கம். படி இறங்கும்போது கணுக்காலின் முன்பக்கம் ஏதோ இடிக்கிறது. ஒற்றைக் காலில் குதித்தால் கால் நிற்பதில்லை. இதுவரை செய்தது: பாதத்தை வட்டமாகச் சுழற்றுவது, ரப்பர் பேண்டு கட்டி நாலு பக்கமும் 10 தடவை, தினம் இரண்டு வேளை. ஆங்கிள் பிரேஸ் (கணுக்காலைத் தாங்கும் உறை) மாட்டிக்கொண்டு ஆட ஆரம்பிக்கலாமா?

முட்டியும்_மூட்டும்:
பிரேஸைக் கடைசியில் பார்ப்போம். நீங்கள் செய்கிற பயிற்சிகள் முதல் 10 நாளுக்கு உரியவை. 5வது வாரத்திலும் அவற்றோடு நின்றால் காலும் அங்கேயேதான் நிற்கும்.

முதலில் இரண்டு காலிலும் மூன்று அளவு எடுங்கள். நல்ல காலோடு ஒப்பிடாமல் அடிபட்ட காலை எடைபோட முடியாது.

முதல் அளவு, சுவர் தூரம். வெறுங்காலோடு சுவரைப் பார்த்து நின்று, குதிகால் தரையை விட்டு எழாமல் முட்டியால் சுவரைத் தொடுங்கள். பாதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்த்தி, கடைசியாகத் தொட முடிந்த இடத்தில் பெருவிரல் நுனிக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியை செ.மீ.யில் எழுதுங்கள். 1 செ.மீ. என்பது மூட்டில் ஏறக்குறைய 3.6 டிகிரி. முட்டி இரண்டாம் விரலுக்கு நேராகப் போகவேண்டும். உள்பக்கம் சாய்ந்தால் பாதத்தின் வளைவு சரிந்து பொய்யான தூரம் காட்டும். பெரும்பாலோர் ஏமாறுவது இங்கேதான்.

இரண்டாவது, ஒற்றைக் காலில் குதிகால் எழுப்புதல். சுவரில் விரல் நுனி மட்டும் படட்டும், முட்டி நேராக இருக்கட்டும், ஏற 2 வினாடி, இறங்க 2 வினாடி. உயரம் குறைந்தாலோ முட்டி மடங்கினாலோ அங்கே எண்ணிக்கை முடிந்தது. விளையாடுகிற காலுக்கு 25 என்பது பொதுவான இலக்கு.

மூன்றாவது, ஒற்றைக் காலில் நிற்பது. கண் திறந்து 30 வினாடி, பிறகு கண் மூடி எத்தனை வினாடி என்று பாருங்கள். இதைச் சுவர் ஓரமாக நின்று செய்யுங்கள். கிழிந்த ஜவ்வோடு, மூட்டு எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்பு முனைகளும் அடிபடுகின்றன. குதிக்கும்போது ஆடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

எதைச் செய்தாலும் வலி 10க்கு 3ஐத் தாண்டக்கூடாது. மறுநாள் காலையில் விறைப்போ வீக்கமோ கூடியிருந்தால் முந்தைய நாள் அளவு அதிகம் என்று அர்த்தம். அப்போது பயிற்சியை நிறுத்தவேண்டாம், எண்ணிக்கையை மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள்.

பின்கோர்ட்:
இடதுகை ஆட்டக்காரர், அடிபட்டது வலது கால், அதுவும் பின்கோர்ட்டில். கத்தரி ஜம்ப்பில் காலை மாற்றி இறங்கும்போது ராக்கெட் பிடிக்காத பக்கத்துக் கால்தான் உடம்புக்குப் பின்னால் போய் முதலில் தரையைத் தொடும். விரல் நுனி முதலில் படும், பாதம் கீழ்நோக்கி இருக்கும், எடை வெளிப்பக்கம் போகும். வெளிப்பக்க முன் ஜவ்வு மிகவும் இழுபடுவது அந்த நிலையில்தான். ஷட்டிலுக்குத் தாமதமாகப் போய் உடம்பைத் திருப்பாமல் அடித்தால் இன்னும் மோசம்.

அதனால் ரப்பர் பேண்டில் வெளிப்பக்கம் தள்ளும்போது பாதத்தை 90 டிகிரியில் வைக்காமல், விரலைக் கீழே நீட்டிய நிலையில் செய்யுங்கள். தள்ளுவது 1 வினாடி, திரும்பி வருவது 3 வினாடி, 15 வீதம் 3 சுற்று. முட்டியைக் கையால் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் இடுப்பிலிருந்து கால் முழுவதும் திரும்பும், பாதத்தை வெளிப்பக்கம் தள்ளவேண்டிய பெரோனியல் தசை (முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கத்தில் இருப்பது) சும்மா இருக்கும்.

பிரேஸ் பற்றி: ஒருமுறை மடங்கிய கால் மறுபடி மடங்குவதை அது குறைக்கிறது, ஆடும்போது குறைந்தது 6 மாதம் போடலாம். தசையைப் பலவீனமாக்கிவிடும் என்ற பயம் தேவையில்லை. டேப் ஒட்டினால் ஆட ஆரம்பித்து அரைமணிக்குள் பிடிப்பு நன்றாகத் தளர்ந்துவிடும். தடித்த அடிப்பாகம் உள்ள ஓட்ட ஷூவோடு கோர்ட்டில் இறங்காதீர்கள், பக்கவாட்டில் புரள அதுவே போதும்.

எக்ஸ்ரே_கண்:
மேலே சொன்னதெல்லாம் சாதாரண வெளிப்பக்கச் சுளுக்குக்குச் சரி. ஆனால் சில அறிகுறிகள் இருந்தால் பயிற்சியைக் கூட்டுவதற்கு முன் எலும்பு மருத்துவரிடம் போகவேண்டும். பாதத்தை வெளிப்பக்கம் திருப்பினால் கணுவுக்கு மேலே, முழங்காலுக்குக் கீழுள்ள இரண்டு எலும்புக்கும் இடையில் வலித்தால் அது மேல்கணுக்கால் சுளுக்காக இருக்கலாம். அது ஆற நாள் அதிகம் பிடிக்கும். வெளிக்கணுவுக்குப் பின்னால் கயிறு தாண்டுவதுபோல் ‘டக்’ என்றால் பெரோனியல் தசைநாண் இடம் நழுவுகிறது. மூட்டு பூட்டிக்கொள்வது, உள்ளே ஆழத்தில் வலிப்பது, 8 வாரம் தாண்டியும் வீக்கம் குறையாதது, இதெல்லாம் தாலஸ் எலும்பின் (கணுக்கால் மூட்டின் அடிப்பக்க எலும்பு) குருத்தெலும்பில் அடி இருக்கலாம் என்பதற்கான குறி. எக்ஸ்ரேயில் அது தப்பிவிடலாம், எம்ஆர்ஐ தேவைப்படும்.

உங்கள் சாயங்கால வீக்கம் மட்டும் என்றால் 5வது வாரத்தில் பெரிய விஷயம் இல்லை. இஞ்சு டேப்பைக் கணுக்காலைச் சுற்றி எட்டு வடிவில் போட்டுக் காலை, மாலை அளந்து எழுதுங்கள். வாரத்துக்கு வாரம் வித்தியாசம் சுருங்கினால் போதும். ஐஸ் வலிக்கு மட்டும்தான். ‘ரைஸ்’ (ஓய்வு, ஐஸ், இறுக்கக் கட்டு, காலை உயர்த்தி வைத்தல்) என்ற சூத்திரத்தை 1978இல் எழுதிய அமெரிக்க விளையாட்டு மருத்துவர் கேப் மிர்கினே பின்னாளில், ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று மாற்றிக்கொண்டார்.

இடதுகை_ஷட்டில்:
அளந்துவிட்டேன். சுவர் தூரம் வலது 7, இடது 11. குதிகால் எழுப்புதல் வலது 11, இடது 24. கண் திறந்து இரண்டும் 30 வினாடி. கண் மூடினால் வலது 4, இடது 13. ‘டக்’ சத்தமோ பூட்டிக்கொள்வதோ இல்லை. எதில் ஆரம்பிப்பது?

முட்டியும்_மூட்டும்:
4 செ.மீ. குறைவு என்றால் சுமார் 14 டிகிரி. படியில் இடிப்பதற்கு இதுதான் காரணமாக இருக்கும், ஆகவே முதலில் இதை எடுங்கள். அடிபட்ட காலை ஒரு படியில் வையுங்கள். அகலமான ரப்பர் பட்டையைப் பாதமும் காலும் சேரும் முன்மடிப்பில், இரண்டு கணுக்களுக்கும் கீழே போட்டு, மறுமுனையைப் பின்னால் தரை மட்டத்தில் அசையாத எதிலாவது கட்டுங்கள். பட்டை பின்னால் இழுக்க, முட்டியை மெதுவாக முன்னால் கொண்டுபோய் 3 வினாடி நிறுத்துங்கள். 10 வீதம் 3 சுற்று, தினமும். பட்டை ஏறி முன்னங்கால் எலும்பில் உட்கார்ந்தால் பலன் தலைகீழாகிவிடும். பின்னால் கெண்டைக்காலில் இழுத்தால் நல்லது. முன்னால் இடித்தால் அவ்வளவு தூரம் போகாதீர்கள். முடித்த உடனே சுவர் தூரத்தை மறுபடி அளந்தால் கொஞ்சமாவது கூடியிருக்கவேண்டும். கூடவில்லை என்றால் பட்டையின் இடம் தவறாக இருக்கலாம்.

குதிகால் எழுப்புதல் ஒருநாள் விட்டு ஒருநாள், ஒற்றைக் காலில் 8 வீதம் 3 சுற்று, அதன் பிறகு முட்டியை மடக்கி இன்னொரு 3 சுற்று. 12 எளிதானதும் முதுகுப்பையில் 5 கிலோ ஏற்றுங்கள். 10 தடவை ரப்பர் பேண்டை இழுத்துவிட்டு உடல் எடையைத் தூக்க எதிர்பார்த்ததுதான் இதுவரை நடந்த பிழை. கண் மூடி நிற்பது தினம் 5 முறை. 10 வினாடியைத் தொட்டதும் கண் திறந்து பந்தைச் சுவரில் எறிந்து பிடிக்கும் பயிற்சிக்கு மாறுங்கள்.

பின்கோர்ட்:
குதிப்பதற்கு வாசல் இது: சுவர் தூர வித்தியாசம் 2 செ.மீ.க்குள், குதிகால் 20, வேகநடை 30 நிமிடம் வலியில்லாமல். அதுவரை கோர்ட் பக்கம் வேண்டாம்.

பிறகு இரண்டு காலில் இருந்த இடத்திலேயே 20 வீதம் 3 சுற்று. அடுத்து முன்பின், பக்கவாட்டு. அதன் பிறகே ஒற்றைக் காலில் குதித்து 3 வினாடி அசையாமல் நிற்பது. ஒரு நாளைக்கு 60 தரையிறக்கம் போதும், நடுவில் ஒருநாள் விடுங்கள். இறங்கும்போது இரண்டு பாதமும் ஒட்டி வந்தால் கால் மடங்க இடம் கொடுக்கிறீர்கள், இடுப்பகலம் விடுங்கள். ஒற்றைக் கால் தாண்டும் தூரம் நல்ல காலில் 90 சதவீதம் வந்ததும் ஷட்டில் இல்லாமல் ஆறு மூலைக்கும் ஓட்டம், அப்புறம் ஷட்டிலோடு அரைக்கோர்ட் 15 நிமிடம். கத்தரி ஜம்ப் கடைசியில், முதல் சில நாள் ஸ்மாஷ் இல்லாமல் கிளியர் (ஷட்டிலை உயரமாக எதிராளியின் பின்கோர்ட்டுக்கு அனுப்பும் அடி) மட்டும் அடித்து. எதிராளி எங்கே போடுவார் என்று தெரியாத ஆட்டம் அதற்கும் பிறகுதான், பிரேஸோடு.