பாரிமுனையில் மட்டும் கூட்டம் ஏன் குறையவே இல்லை?

கேள்வி: புது பாஸ்காரன்
வேலை மாறியதிலிருந்து தினமும் பாரிமுனை வழியாகத்தான் போய் வருகிறேன். கொத்தவால் சாவடி காய்கறிச் சந்தை 1996-லேயே கோயம்பேடு போய்விட்டது. வெளியூர் பஸ்களும் 2002-ல் போய்விட்டன. அப்புறமும் என்.எஸ்.சி. போஸ் ரோட்டில் தோள் இடிபடாமல் நடக்க முடியவில்லை. அந்த முனையில் அப்படி என்னதான் இருக்கிறது? பழைய ஆட்கள் சொல்லுங்களேன்.

பதில்: ஓய்வு குமாஸ்தா
தம்பி, ஹைகோர்ட்டில் வக்கீல் குமாஸ்தாவாகவே காலம் தள்ளியவன் நான். முதலில் அந்த ரோட்டின் இரண்டு பக்கத்தையும் பார். வடக்கே கடைமேல் கடை. தெற்கே கோர்ட்டு வளாகம், மரம், வெட்டவெளி. இது தற்செயல் இல்லை.

முன்பு புனித ஜார்ஜ் கோட்டையின் வடக்கு மதிலை ஒட்டியே நம் ஜனங்கள் வாழ்ந்த கறுப்பர் நகரம் இருந்தது. 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தார்கள். 1749-ல் அது இங்கிலீஷ்காரன் கைக்குத் திரும்பியது. மதில் ஓரம் வீடுகள் இருந்தால் எதிரி ஒளிந்துகொள்வான், பீரங்கி சுட வழியிருக்காது என்று அந்த நகரத்தைப் படிப்படியாக இடித்துத் தள்ளினார்கள். அங்கே இருந்த சென்னக் கேசவப் பெருமாள் கோயிலும் போயிற்று. பிறகு பூக்கடைப் பக்கம் திரும்பக் கட்டினார்கள். ஜனங்கள் வடக்கே தள்ளிப் போனார்கள். இன்றைய ஜார்ஜ் டவுன் அதுதான். இந்த ரோட்டுக்குத் தெற்கே யாரும் கட்டக் கூடாது என்று 1773-ல் எல்லைத் தூண்கள் நட்டார்கள். பாரி கம்பெனிக் கட்டடமான டேர் ஹவுஸ் மூலையில் ஒன்று இன்னும் நிற்கிறது. தினமும் அதைக் கடந்து போகிறவர்களில் பாதிப் பேர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

முனைக்குப் பெயர் தந்த பாரி வேல்ஸ்காரர், தாமஸ் பாரி. 1788-ல் வந்தார். அப்போது துறைமுகம் ஏது? கடலே இன்றைய ராஜாஜி சாலை ஓரம் வரை வந்துகொண்டிருந்தது. சரக்கு இறங்குகிற இடத்தில் ஆபீஸ் போட்டார், கெட்டிக்காரர். அங்கே இப்போதுள்ள டேர் ஹவுஸ் 1940-ஐ ஒட்டி வந்தது. தெற்கே காலியாக விட்ட அந்த நிலத்தில் 1892-ல் ஹைகோர்ட்டு எழும்பியது. அதன் கோபுரத்தில் 1977 வரை கலங்கரை விளக்கம் எரிந்தது. 1914 செப்டம்பர் 22 ராத்திரி ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சுட்ட குண்டு ஒன்று கோர்ட்டு மதில் பக்கம் விழுந்தது. அதற்குக் கல்வெட்டு வைத்திருக்கிறார்கள்.

சரி, கூட்டத்துக்கு வருகிறேன். காய்கறி அழுகும் சரக்கு, ராத்திரியோடு ராத்திரியாக லாரியில் வந்து போவது. அதைத் தனியாகப் பெயர்த்து வைக்கலாம். மற்ற வியாபாரம் அப்படி இல்லை. காகிதமும் கல்யாணப் பத்திரிகையும் ஆண்டர்சன் தெரு, மொத்த ஜவுளி கோடவுன் தெரு, கெமிக்கலும் சென்ட்டும் நைனியப்ப நாயக்கன் தெரு, கண்ணாடியும் பிரேமும் தேவராஜ முதலி தெரு. வெளியூர்க் கடைக்காரர் ஒரு சீட்டோடு வந்தால் நடந்தே முழுக் கொள்முதலையும் முடித்துவிடுவார். ஒரு தெருவை மட்டும் பிடுங்கி எங்கே கொண்டுபோய் வைப்பது? பஸ் ஸ்டாண்டால் வந்த கூட்டம் என்று நினைத்தவர்கள் கணக்குத்தான் தப்பு.

பதில்: மண்ணடி மருமகள்
ஐயா பர்மா பஜாரை விட்டுவிட்டாரே! பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் திரும்பிய நம் ஜனங்களுக்காக 1969-ல் ராஜாஜி சாலை ஓரம் வந்த கடைகள். டேப்ரெக்கார்டரும் வெளிநாட்டு சென்ட்டும் தேடி ஊரே அங்கே போன காலம் ஒன்று உண்டு. இப்போது செல்போன் சாமான். கேட்கிற விலையில் பாதியிலிருந்து பேச்சை ஆரம்பிக்க வேண்டும், அவ்வளவுதான்.

கேள்வி: புது பாஸ்காரன்
ரொம்ப நன்றி ஐயா, அக்கா. நிதானமாகச் சுற்றிப் பார்க்க எந்த நாள் நல்லது?

பதில்: ஓய்வு குமாஸ்தா
ஞாயிற்றுக்கிழமை காலை. மொத்தக் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும், கட்டடங்களின் முகம் தெரியும். ஹைகோர்ட் மெட்ரோவில் இறங்கி முதலில் அந்தத் தூணைப் பார். அப்புறம் அரண்மனைக்காரத் தெருவில் 1772-ல் கட்டிய ஆர்மேனியன் சர்ச், அங்கிருந்து தம்புச் செட்டித் தெரு காளிகாம்பாள் கோயில். 1677-ல் சத்ரபதி சிவாஜி வந்து கும்பிட்டார் என்று அங்கே சொல்வார்கள். உச்சி வெயிலில் போகாதே, நடை சாத்தியிருப்பார்கள்.