பாட்டில் ஆலையில் வேலை பார்த்த பெரியவர்களின் பேச்சைப் பதிவு செய்தவர்கள் இருக்கிறீர்களா?

ஒலிநாடா:
ரெண்டு வருடமாக உறுத்துகிறது, அதனால்தான் எழுதுகிறேன். முப்பது வருடம் மெஷின் பார்த்தவர், வயது எண்பதைத் தாண்டிவிட்டது. ஐ.எஸ். மெஷின் (உருகிய கண்ணாடியை அச்சில் பாட்டிலாக்குகிற மெஷின்) பக்கம் நின்றவர்களைப் பேட்டி எடுத்திருந்தால் உங்களுக்கே தெரியும், காது பாதி போயிருக்கும். ஒவ்வொரு கேள்வியையும் கத்திக் கத்திக் கேட்டேன். "சூடு எப்படிங்கய்யா இருக்கும்?" "சூடாத்தான் இருக்கும்." அவ்வளவுதான். கடைசியில் பையில் கிடந்த பழைய பாட்டில் ஒன்றைக் கையில் கொடுத்தேன். வாயைச் சுற்றி விரலால் தடவினார், கழுத்துக்கு வந்ததும் விரல் நின்றது, ஏதோ முணுமுணுத்தார். பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். கையை நீட்டி ஒரு தேய்ப்பு, சடாரென இழுப்பு, மறுபடி ஒரு தேய்ப்பு. ஸ்வாப் போடுகிறார்! கிராஃபைட் எண்ணெயில் முக்கிய பிரஷ்ஷை, ஓடுகிற மெஷினில் அச்சு திறந்து மூடுவதற்குள் விட்டு எடுக்கிற வேலை. புகைக்காக முகத்தைக்கூடப் பின்னால் சாய்த்துக்கொண்டார். என்னிடம் இருந்ததோ குரல் பதிகிற கருவி மட்டும். கோப்பில் 40 விநாடிக்குச் செருப்புச் சத்தம்தான் இருக்கிறது.

பழையசீசா:
"வீடியோ எடுத்திருக்கலாமே" என்று யாராவது கிளம்புவதற்குள் சொல்லிவிடுகிறேன், கேமராவைப் பார்த்ததும் பாதிப் பேர் விறைத்துப் போவார்கள். பாட்டில்களை வெளிச்சத்தில் பார்த்துத் தரம் பிரித்த ஒரு அம்மாவிடம் போயிருந்தேன். கேமரா முன்னால் வாயே திறக்கவில்லை. மூடி வைத்தேன். பேச்சு சூடு பிடித்த நேரத்தில் என் கையிலிருந்த கண்ணாடி டம்ளரை வாங்கி, நகத்தால் ஒரு தட்டுத் தட்டி, தள்ளி வைத்தார். "விரிசல் இருக்கு, இதுல குடிக்காத." நான் எவ்வளவு திருப்பிப் பார்த்தும் எனக்குத் தெரியவில்லை. வெயிலில் பிடித்த பிறகுதான் அடியில் முடி மாதிரி ஒரு கோடு தெரிந்தது.

மூன்றாம்ஷிஃப்ட்:
பழையசீசா சொல்வதை ஒத்துக்கொள்ள மாட்டேன். கேமரா மேல் பழியைப் போடாதீர்கள், கேள்வி சரியில்லை. சூட்டைப் பற்றிக் கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள், அது அவர்களுக்கு மூச்சு மாதிரி. வரிசையாகக் கேளுங்கள்: மணல், சோடா சாம்பல், சுண்ணாம்புக்கல், உடைசல் கண்ணாடி, இதெல்லாம் யார் கொட்டினார்கள், உடைசல் குறைந்தால் உலை என்ன ஆகும் (உடைசல்தான் சீக்கிரம் உருகும், அது இல்லாவிட்டால் எரிபொருள் கூடும், இதைக் கேட்டாலே ஒரு மணி நேரம் பேசுவார்கள்). ஆறவைக்கிற சூளையில் அவசரப்பட்டால் பாட்டில் பிறகு தானாக வெடிக்குமா என்று கேளுங்கள். பத்து வருடத்துக்கும் மேல் அணையாமல் எரிகிற உலையை அணைத்த நாளைப் பற்றிக் கேளுங்கள். உலை 1500 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும், அவர் 2000 என்றால் திருத்தாதீர்கள், ஓரத்தில் குறித்துக்கொண்டால் போதும். பேட்டிக்கு முன்னால் ஃபேனை நிறுத்துங்கள். சரி, என் கதை. தீக்காயத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கிய ஒருவர் "அதை நிறுத்துப்பா" என்றார், பதிவை நிறுத்தினேன். அப்புறம்தான் எல்லாம் சொன்னார். அதை எங்கேயும் எழுதவில்லை, எழுதவும் மாட்டேன்.

இன்னொன்று, ஒலிநாடா, அந்த விரல் கழுத்தில் ஏன் நின்றது என்று யோசித்தீர்களா? அச்சின் தையல் கோட்டைத்தான் (அச்சின் இரண்டு பாதிகளும் சேர்கிற இடத்தில் பாட்டிலில் விழுகிற கோடு) தேடியிருப்பார். ஓவன்ஸ் என்பவரின் தானியங்கி பாட்டில் மெஷின் 1903-ல் வருவதற்கு முந்தைய பாட்டில்களில் வாயைக் கடைசியாகக் கையால் செய்வார்கள், அதனால் கோடு வாய்க்குக் கீழேயே மறைந்துவிடும். மெஷின் பாட்டிலில் அது வாய்வரைக்கும் ஏறும்.

பழையசீசா:
நான் கேள்வியே கேட்கவில்லை, டம்ளர்தான் கேட்டது 🙂

ஒலிநாடா:
பாட்டிலை இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். கோடு வாய்க்கு அரை விரல் கீழேயே முடிந்துபோகிறது. கடைத்தெருவில் வாங்கியது, இதுவரை நான் கவனித்ததே இல்லை. பதிவையும் ஹெட்ஃபோன் மாட்டித் திரும்பக் கேட்டேன். செருப்புச் சத்தத்துக்கு முன்னால் அந்த முணுமுணுப்பு, எழுத்துப்படியில் "தெளிவாக இல்லை" என்று நானே போட்டிருந்த இடம். "இது எங்க வேலை இல்ல தம்பி. எங்க வேலை இப்படி" என்கிறார்.